ஐந்து மதிப்பெண் ஏரி

எங்கள் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்த ஒரே ஒரு தகுதி போதும்: ஒர்க்லோடு இடிக்க வேண்டும். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கில் யாருக்குப் பள்ளம் விழுகிறதோ, அவரே அந்தப் பருவத்தின் சூழலியல் அறிஞர். போன வருடம் வணிகவியல்காரர் ஒருவர். அதற்கு முந்தின வருடம் உடற்கல்வி இயக்குநர். "ஈவிஎஸ்னா வெளியில இருக்கிறதைப் பத்தின பாடம்தானே, நீங்கதான் சார் எப்பவும் வெளியில இருக்கீங்க" என்று முதல்வர் சமாதானம் சொன்னதாகக் கேள்வி. இந்த வருடம் பி.ஏ. தமிழில் ஒரு பிரிவு நிரம்பவில்லை. நான் சூழலியல் அறிஞன் ஆனேன்.

துறைத்தலைவர் தோளில் கைபோட்டுத் தைரியம் சொன்னார். "பயப்படாதீங்க தம்பி. நடத்துறதுக்கு ஒண்ணும் இல்ல. கைடு இருக்கு, திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இருக்கு. யாரும் ஃபெயில் ஆக மாட்டான். ஆனாத்தான் என்ன, பகுதி நாலு. கிளாஸுக்குச் சேராது."

பகுதி நாலு என்றால் வெளியாருக்குப் புரியாது. இளங்கலையில் தமிழ் பகுதி ஒன்று, ஆங்கிலம் பகுதி இரண்டு, பிள்ளை எந்தப் பட்டத்துக்காகச் சேர்ந்ததோ அது பகுதி மூன்று. மிச்சம் மீதிப் பாடமெல்லாம் பகுதி நாலு. பந்தியில் கடைசி இலை. அங்கே சுற்றுச்சூழலும் நன்னெறிக் கல்வியும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டிலும் தேறினால் போதும். எவ்வளவு மார்க் வாங்கினாய் என்று எந்த நேர்முகத் தேர்விலும் எவரும் கேட்க மாட்டார்கள். நாட்டை நடத்துகிறவர்களிடம் இந்த இரண்டும் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்தால் கேட்காததன் காரணம் விளங்கும்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பி.காம். இரண்டாம் ஆண்டு, தரைத்தள வகுப்பு. பாடம்: ஈரநிலங்களின் பயன்கள். முதல் பயன், வெள்ள நீரை வாங்கித் தேக்கிக்கொள்ளுதல். இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு அடியில் தண்ணீர் உள்ளே வந்தது. யாரும் பதறவில்லை. பழகின விருந்தாளி. பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தூக்கிப் பெஞ்சின் குறுக்குக்கட்டை மேல் வைத்தார்கள். இரண்டாவது பயன் எழுதினேன்: நிலத்தடி நீரைப் பெருக்குதல். அதற்குள் ஒரு தவளை வந்து ஆசிரியர் மேடைமேல் ஏறி உட்கார்ந்தது. மூன்றாவது பயன்: பல்லுயிர்களின் வாழிடம். அலுவலக உதவியாளர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு சுற்றறிக்கையோடு வந்தார். தரைத்தள வகுப்புகள் முதல் தளத்துக்கு மாற்றப்படுகின்றன, போர்ஷன் பாதிக்கப்படக் கூடாது. ஏறினோம். நான்காவது பயனை மாடியில் எழுதினேன்.

அந்தத் தண்ணீர் வழி தெரியாமல் வந்ததாக நினைக்க வேண்டாம். அது வீட்டுக்காரர். நாங்கள்தான் குடியிருக்கிறோம், வாடகையும் தராமல். கல்லூரி நிற்பது ஓர் ஏரியின் உள்வாயில். ஏரி மாவட்டம் என்று பேரெடுத்த செங்கல்பட்டுச் சீமையில் ஏரியைத் தொடாமல் கல்லூரி கட்டுவது சிரமம்தான், ஆனால் எங்கள் நிர்வாகம் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வாசல் வளைவில் தங்க எழுத்தில் ஒரு வாசகம்: 'இயற்கையோடு இணைந்த கல்வி'. பொய் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் முழங்கால்வரை இணைந்துதான் இருக்கிறோம்.

இந்தச் சுற்றுச்சூழல் பாடம் சும்மா வந்துவிடவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சினிமாக் கொட்டகைகளில் காட்சிக்குக் காட்சி சூழல் ஸ்லைடு காட்ட வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் சூழல் பற்றிப் பேச வேண்டும். பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு யோசித்தது. எல்லாத் துறை மாணவருக்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டம் கைக்கு வர 2003 ஆயிற்று. இடையில் மேத்தா மறுபடியும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பூக்கிறது குறிஞ்சி. மானியக் குழுவும் அந்தக் கணக்கை மதித்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இயற்கையைப் பின்பற்றியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த 2003 பாடத்திட்டம் 50 மணி நேரம், எட்டு அலகு. முதல் அலகுக்குப் பெயர், சுற்றுச்சூழல் கல்வியின் பன்துறை இயல்பு. அதற்கு ஒதுக்கியது 2 மணி நேரம். இது எல்லாத் துறைக்கும் சொந்தமான பாடம் என்று அறிவிக்க இரண்டு மணி நேரம். எந்தத் துறைக்கும் சொந்தமில்லை என்று நிரூபிக்க மிச்சம் நாற்பத்தெட்டு. கடைசி அலகு களப்பணி, 5 மணி நேரம், நூற்றுக்கு 25 மதிப்பெண். ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆறோ காடோ மலையோ போய்ப் பார்த்து ஆவணப்படுத்து. பக்கத்தில் மாசுபட்ட ஓர் இடத்துக்குப் போ. குளத்தைப் பார், பறவையைப் பார், பூச்சியைப் பார் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் நல்ல மனிதர்கள். ஜெராக்ஸ் கடைகளைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மற்றப் பாடங்களைத் தொட்டுத் தீட்டாக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சுற்றுச்சூழலுக்கு ஒரு தனிக் குவளை வைத்தோம். இரட்டைக் குவளை வைத்துப் பழகின நாடுதானே. சூழல் பற்றிய கேள்வி எழுந்தால் அந்தக் குவளையைக் காட்டிவிடலாம்: "அது ஈவிஎஸ்ல வரும்." வகுப்பறைக்கு வகுப்பறை இந்த ஒற்றை வாக்கியம் காவல்காரனைப்போல நிற்கிறது. எங்கள் அறக்கட்டளை ஒரே சுற்றுச்சுவருக்குள் கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, சட்டக் கல்லூரி மூன்றையும் வைத்திருப்பதால் ஓய்வு நேரத்தில் தாழ்வாரங்களில் நடந்தாலே போதும், அறிவுலகம் முழுதும் காதில் விழும்.

சிவில் வகுப்பில் களிமண்ணைப் பற்றி நடந்துகொண்டிருந்தது. நீர் கோத்த மண் சுமை தாங்காது, பைல் இறக்கு, இல்லையென்றால் மண் கொட்டி மேடாக்கு. அங்கே ஈரநிலத்துக்குப் பெயர் 'பிரச்சினையான மண்'. அதே பையன் மதியம் ஈவிஎஸ் நோட்டில் எழுதுகிறான்: 'ஈரநிலம் பூமியின் சிறுநீரகம்.' காலையில் சிறுநீரகத்தில் கான்கிரீட் இறக்கக் கற்றுக்கொண்டவனுக்கு மதியம் அதன் மகிமை தெரியும். இரண்டு நோட்டும் ஒரே பைக்குள் இருக்கின்றன. ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

இப்படிப் படித்தவர்களின் கைவண்ணம் வேண்டுமானால் பள்ளிக்கரணைக்குப் போகலாம். 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு. பெருங்குடியில் மாநகரக் குப்பை அதன்மேல் மலையாகக் குவிந்தது. சாலை ஊடே போனது, ஐடி வளாகங்கள் எழுந்தன. கடல் தொழில்நுட்பத்தை ஆராயும் தேசிய நிறுவனமும் காற்றாலையை ஆராயும் தேசிய நிறுவனமும் அங்கேதான் இடம் பிடித்தன. கடலுக்கும் காற்றுக்கும் மரியாதை செய்ய நடுவில் இருந்த தண்ணீர் வழிவிட வேண்டியதாயிற்று. 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகு விட்டார்கள். 2022-ல் மிஞ்சியதற்குச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் பட்டம் சூட்டினோம். ஆளைக் கைகால் இழக்கவைத்துவிட்டு, மிஞ்சின உடம்புக்குப் பொன்னாடை. அங்கே எழுந்த கட்டடங்களின் வரைபடங்களில் கையெழுத்திட்டவர்களில் சிலராவது பட்டப்படிப்பில் ஈவிஎஸ் தேறியவர்களாக இருப்பார்கள். ஈரநிலத்தின் பயன்கள் அவர்களுக்கு மனப்பாடம்.

அடுத்த அறையில் வணிகவியல். தேய்மானம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் தேயும், மேசை நாற்காலி தேயும், லாரி தேயும். வருடா வருடம் இத்தனை சதவீதம் கழிக்க வேண்டும். ஆறு தேயுமா என்று ஒரு பையனாவது கேட்பான் என்று நின்று பார்த்தேன். கேட்டிருந்தாலும் பதில் தயார்: "அது ஈவிஎஸ்ல வரும்." நொய்யல் எந்தப் பேரேட்டிலும் தேயவில்லை. திருப்பூர் பனியனில் வந்த டாலரெல்லாம் வரவில் ஏறிற்று. சாயத்தண்ணீர் செலவில் ஏறவில்லை. 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. அணை எதற்கு? தண்ணீர் திறந்துவிட. இந்த அணையைத் திறக்காதே என்று உழவன் போராட வேண்டிவந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்ன பிறகுதான், ஆறு என்ற ஒரு பங்குதாரர் இத்தனை நாள் லாபத்தில் பங்கு கேட்காமல் நட்டத்தை மட்டும் சுமந்துகொண்டிருந்தார் என்பது கணக்குப்பிள்ளைகளுக்கு உறைத்தது. பாடப் புத்தகம் மாறவில்லை. அதில் இன்றைக்கும் லாரிதான் தேய்கிறது.

மாடியில் சட்டம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு, 1996. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளை எதிர்த்து நடந்து, 'மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய வழக்கு. சட்ட மாணவர்கள் ஒருவர் விடாமல் ஒப்பிக்கிறார்கள். கீழே வேதியியல். குரோமியத்துக்கு மூன்று இணைதிறனும் உண்டு, ஆறும் உண்டு, ஆறு நஞ்சு. அதையும் ஒப்பிக்கிறார்கள். சட்டம் படிப்பவனுக்குக் குரோமியம் தெரியாது. வேதியியல் படிப்பவனுக்கு வழக்குத் தெரியாது. வேதியியல் ஆய்வகத்தில் மிஞ்சும் அமிலமும் உப்புக்கரைசலும் தொட்டிக் குழாய் வழியாக எங்கே போகின்றன என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் ஏரிக்கு.

தீர்ப்பு வந்து பதினெட்டு வருடம் கழித்து, 2015 ஜனவரி கடைசி நாளின் விடியலில், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் தோல் கழிவில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தூக்கத்தில், சேற்றில், மூச்சு முட்டி. விலை கொடுப்பது யார் என்ற கேள்விக்கு வகுப்பறையில் ஒரு விடை உண்டு, சிப்காட்டில் ஒரு விடை உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லித்தராத படிப்பைப் படிப்பென்று சொல்லிக் கட்டணம் வாங்க எங்களுக்குக் கூச்சமில்லை. அந்தச் சுவரைக் கட்டியவனும், நன்றாக இருக்கிறது என்று சான்று எழுதியவனும், ஆய்வுக்கு வந்து தேநீர் குடித்துப் போனவனும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. எங்களைப் போன்ற கல்லூரிகளில், எங்களைப் போன்றவர்களிடம் படித்துத் தேறித்தான் போயிருக்க வேண்டும்.

கணினித் துறையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். அங்கே என்விரான்மென்ட் என்றால் நிரல் ஓடும் இடம். அது கெட்டுப்போனால் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். பாக்கியசாலிகள்.

அடுத்தவர் முதுகையே எவ்வளவு நேரம் பார்ப்பது? என் துறைக்கு வருகிறேன். திணைக் கோட்பாட்டை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாங்கள் என்று மேடைதோறும் மார்தட்டுகிற துறை. நெய்தலின் கருப்பொருள் என்னென்ன? தெய்வம் வருணன், மக்கள் பரதவர், பூ நெய்தல், தொழில் மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும். பிள்ளைகள் அருவிபோலக் கொட்டுவார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியது. பரதவர்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் பரவியது. அப்போதும் முதலில் கையை நனைத்தவர்கள் அந்த மீனவர்கள்தான். அந்த வாரம் நான் நெய்தல்திணை நடத்தினேன். இரங்கல் அதன் உரிப்பொருள் என்றேன். எண்ணூரைச் சொல்லவில்லை. போர்ஷனில் இல்லை. இருந்தாலும் அது ஈவிஎஸ்ஸில் அல்லவா வரும்!

வரலாற்றுக்காரர் என் நண்பர். உத்திரமேரூர்க் கல்வெட்டு நடத்துவதில் மன்னன். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921, குடவோலை, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். அது பிராமணர் சபை, நிலம் உள்ளவனுக்கு மட்டுமே இடம், ஆகவே ஜனநாயகம் என்று தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். ஆனால் ஒரு விதி என்னை இடறிக்கொண்டே இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை ஓலையில் எழுதக் கூடாது. அவன் உறவுமுறைக்காரர் பேரையும் எழுதக் கூடாது. ஆயிரத்து நூறு வருடம் முந்தைய அந்த ஒரு விதியை எங்கள் வட்டாரத்து ஏரிகளுக்கு இன்று பொருத்தினால் ஒன்றியம், மாவட்டம், அறக்கட்டளை, ஆட்சிக்குழு எதிலும் நாற்காலி போட ஆள் கிடைக்காது. உறவுமுறையையும் சேர்த்தால் ஊரே காலியாகும்.

நண்பரிடம் கேட்டேன், "உத்திரமேரூர் ஏரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போலாமே சார்?"

"கல்வெட்டு கோயில் சுவர்லதானே இருக்கு?" என்றார்.

இதற்கிடையே நாக் வந்தது. தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் எங்கள் வளாகத்தில் வசந்தம் வரும். ஏழாவது அளவுகோலின் கீழ் பசுமைத் தணிக்கை கேட்பார்கள். தாளாளர் உத்தரவுப்படி இருநூறு பூந்தொட்டிகள் நாள் வாடகைக்கு லாரியில் இறங்கின. மழைநீர்ச் சேகரிப்புக்குப் பெயர்ப்பலகை எழுதி நட்டார்கள். குழி இன்னும் தோண்டவில்லை. இருக்கிற ஒரே குழி ஜூன் 5 குழி. நுழைவாயிலுக்கு இடப்பக்கம் வருடா வருடம் உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று அதே இடத்தில், அதே அளவில், புதுக் கன்று. முதல்வர் மண்வெட்டி பிடிப்பார், பின்னால் பத்துப் பேர் கன்றின் ஒரே தண்டைப் பிடிப்பார்கள், ஃப்ளெக்ஸில் 'மரம் வளர்ப்போம்' என்று மரமே இல்லாத வண்ணத்தில் எழுதியிருக்கும். கன்று அந்த மாதமே செத்துப்போகும், குழி மட்டும் பத்திரம். எங்கள் கல்லூரியில் உண்மையிலேயே நிலைத்த வளர்ச்சி என்றால் அந்தக் குழிதான்.

பசுமைத் தணிக்கை அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு ஈவிஎஸ் எடுப்பவருக்கு, அதாவது எனக்கு. வளாகத்தின் நீர்நிலைகள் என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஏரி' என்று எழுதப் போனேன். துறைத்தலைவர் கையைப் பிடித்தார். "ஏரின்னு எழுதினா எவ்வளவு ஏக்கர்னு கேப்பாங்க. ஏக்கர் எழுதினா மிச்சம் எங்கேன்னு கேப்பாங்க. 'அலங்கார மீன்தொட்டி'ன்னு எழுதுங்க தம்பி, முதல்வர் அறையில ஒண்ணு இருக்கு." எழுதினேன்.

களப்பணிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பணி என்றால் வேடந்தாங்கல். பஸ் வைத்துப் போய், கோபுரத்தில் ஏறி, செல்ஃபி எடுத்து, பிரியாணி பொட்டலம் சாப்பிட்டுவிட்டு வருவது. வழிகாட்டிப் பலகையில் எழுதியிருப்பதை யாரும் நின்று படிப்பதில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய், பறவைகள் எங்களுடையவை, சுடக் கூடாது என்று 1798-ல் எழுத்தில் கௌல் என்ற உறுதிப் பத்திரம் வாங்கினார்கள். பறவையின் எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நைட்ரஜன் சுழற்சி என்ற சொல் தெரியாது. இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் தெரியாது. மண்ணும் நீரும் பறவையும் விளைச்சலும் சட்டமும் ஒரே விஷயம் என்று தெரியும். எந்த வாசலில் போய் நின்றால் எழுத்து கிடைக்கும் என்றும் தெரியும். வேளாண்மை, விலங்கியல், வேதியியல், சட்டம் நான்கையும் ஒரே மனுவில் எழுதிக்கொடுத்தார்கள். பன்துறை இயல்புக்கு அவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கவில்லை, தலைமுறைகளை ஒதுக்கினார்கள்.

அதே வேடந்தாங்கலில், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் என்று 1998-ல் அறிவித்த சரணாலய எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்க 2020-ல் ஒரு முன்மொழிவு கிளம்பியது. வனத்துறைக் கோப்பிலிருந்தே! எதிர்ப்பு வந்து கைவிட்டார்கள் என்பது வேறு கதை. கோப்பில் எழுதிய கை கைநாட்டு வைக்கிற கை இல்லை. பட்டம் வாங்கின கை. பறவைக்கு எல்லைக்கல்லைப் படிக்கத் தெரியாது என்பதைப் பாவம், அந்தக் கைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பிள்ளைகள் வேடந்தாங்கல் களப்பணிக் குறிப்பேட்டை எழுதிக்கொண்டுவந்தார்கள். அறுபது பேர், ஒரே குறிப்பேடு. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அட்டை, ஸ்பைரல் பைண்டிங் சேர்த்துக் கிடைக்கும். பேர் எழுதும் இடம் மட்டும் காலி. அதில் போன வருடத்து மாணவர் ஒருவர் நாரைக்கும் கொக்குக்கும் படத்தை மாற்றி ஒட்டியிருந்தார். அறுபது பேரிலும் நாரை கொக்காகவும் கொக்கு நாரையாகவும் இருந்தது.

ஒன்று மட்டும் வேறு மாதிரி. நான்கே தாள். கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதியது. எழுதிய பெண் பின் வரிசையில் உட்கார்பவள், கல்லூரிக்குப் பின்புறக் கிராமம். அவள் வேடந்தாங்கலுக்கு வரவில்லை, பஸ் கட்டணம் கட்டவில்லை. தன் வீட்டிலிருந்து நடந்து வந்த வழியை எழுதியிருந்தாள். ஏரிக்கு மூன்று மடை, ஒவ்வொன்றுக்கும் பேர், எந்த மடை எத்தனை காணி பாய்ந்தது என்ற கணக்கு. அவள் தாத்தா மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி. வரத்துக்கால்வாய் எந்த இடத்தில் எங்கள் விடுதிச் சுவருக்கு அடியில் போய் மறைகிறது என்பது. கடைசித் தாளில் கையால் வரைந்த படம். கலங்கல் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'இப்போது கலையரங்க மேடை.'

மாசுபட்ட இடத்துக்குப் போ, அருகில் உள்ள நீர்நிலையை ஆவணப்படுத்து என்று 2003-ல் தில்லியில் உட்கார்ந்து யாரோ எழுதியதை இத்தனை வருடத்தில் செய்துகாட்டிய ஒரே ஜீவன். துறைத்தலைவரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. நிதானமாகப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா எழுதியிருக்கா. இது நாக் டீம் கண்ணுல பட்டா நம்ம கதி என்ன? இன்டெக்ஸ் இல்ல, போட்டோ இல்ல, பைண்டிங் இல்ல. ஃபார்மட்ல இல்லன்னு சொல்லித் திருப்பிக் குடுங்க."

திருப்பிக் கொடுத்தது அவர் இல்லை, நான். அந்தப் பெண் தாளை வாங்கிக்கொண்டு, "என்ன தப்புங்கய்யா?" என்றாள். தமிழ் வாத்தியாரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். தப்பு ஒன்றும் இல்லை, ஃபார்மட்தான் என்றேன். மறுநாள் வாசல் கடைக் குறிப்பேட்டோடு வந்தாள். அறுபத்தொன்றாவது பிரதி. நாரை கொக்காக இருந்தது. 25-க்கு 24 போட்டுக் கையெழுத்திட்டேன். அந்த நான்கு தாளை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். திருடன் கோயிலில் உண்டியலைத் தூக்கிவிட்டு விபூதி பூசிக்கொள்வதுபோல.

தேர்வு வந்தது. 'ஈரநிலங்கள்: குறிப்பு வரைக. 5 மதிப்பெண்.' திருத்தும் மையத்தில் விடைக்குறிப்பு கொடுத்தார்கள். வரையறைக்கு ஒன்று, பயன்களுக்கு மூன்று, எடுத்துக்காட்டுக்கு ஒன்று. எடுத்துக்காட்டு என்ற இடத்தில் பிச்சாவரம், கோடியக்கரை, பள்ளிக்கரணை மூன்றில் எதை எழுதினாலும் மார்க் போடலாம். டம்மி எண் ஒட்டிய ஒரு தாளில் யாரோ, 'எ.கா: இந்தத் தேர்வு அறை' என்று எழுதியிருந்தார்கள். எந்தக் கல்லூரி, யார் பிள்ளை என்று தெரியாது. நம் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். விடைக்குறிப்பில் அப்படி ஓர் ஊர் இல்லை. முதன்மைத் தேர்வாளர் மேசைக்கு எடுத்துப் போனேன். அவர் சிரித்து, சிவப்பு மையில் ஒரு பூஜ்யம் வைத்தார். எங்கள் ஏரியைப் போலவே நல்ல வட்டமான பூஜ்யம்.

இப்போது புதுக் கல்விக் கொள்கை, புதுச் சட்டகம், புதுப் பாடத்திட்டம் எல்லாம் வந்திருக்கின்றன. பருவநிலை மாற்றம் சேர்ந்திருக்கிறது, நிலைத்த வளர்ச்சி இலக்குகள் சேர்ந்திருக்கின்றன. கிரெடிட்டும் ஏறலாம். ஏறட்டும். சிவில்காரர் தன் மண் பாடத்திலேயே சதுப்பைச் சொல்லட்டும், கணக்குக்காரர் தன் பேரேட்டிலேயே நொய்யலைத் தேய்மானம் போடட்டும், வேதியியல்காரர் தன் தொட்டிக் குழாயைத் தொடர்ந்து கடைசிவரை நடந்து போகட்டும், நான் நெய்தலை எண்ணூரில் நின்று நடத்துகிறேன் என்று ஆட்சிக்குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்லிப் பார்த்தேன். தாளாளர் முழுவதும் கேட்டார். "ரொம்ப நல்ல ஐடியா சார். அப்படியே ஒரு மதிப்புக்கூட்டுச் சான்றிதழ் படிப்பா போட்டுடலாம். முப்பது மணி நேரம். ஃபீஸ் எவ்வளவு வைக்கலாம்?"

இந்தப் பருவம் தமிழில் ஒரு பிரிவு கூடிவிட்டது. என் ஒர்க்லோடு நிரம்பியது. சூழலியல் அறிஞர் பதவி உதவி நூலகருக்குப் போயிற்று. கைடையும், பழைய வினாத்தாள்களையும், நடுவில் அந்த நான்கு தாளையும் வைத்து அவரிடம் ஒப்படைத்தேன். சாயங்காலம் தேடிக்கொண்டு வந்தார். வெளியே தூறல் பிடித்திருந்தது, வராந்தாவில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், இந்த நாலு பேப்பர் தவறி உள்ள வந்திருக்கு" என்று நீட்டினார். "பார்த்துட்டேன், போர்ஷன்ல இல்ல."